தென்பெண்ணைக் கரைத் தோழர்களே, நுரையை வேடிக்கை பார்த்தது போதும்!

ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீருக்கு முன்னால் நுரைதான் வந்து நிற்கிறது. மலைபோல் குவிகிறது, காற்றடித்தால் பிய்ந்து வயலில் விழுகிறது, தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தை நிறுத்துகிறது. மாலைக்குள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். மறுநாள் பேப்பரில் படம் போட்டு, விவசாயிகள் வேதனை என்று தலைப்புக் கொடுக்கிறார்கள். அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இரண்டு நாளில் நுரை வடிகிறது, செய்தியும் வடிகிறது. அடுத்த மழைக்கு மறுபடியும் அதே படம், அதே வேதனை.

வேதனைப்பட்டது போதும். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. அணை நிரம்பி உபரிநீர் திறக்கும் நாளில் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நிற்பதா, கணக்குக் கேட்டு நிற்பதா? இந்த மாதத்துக்குள் நாம் முடிவெடுத்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த அறைகூவல்.

முதலில் குறியைச் சரியாக வைப்போம். நம் மேடைகளிலேயே பலர் இதை 'ரசாயன ஆலைக் கழிவு' என்று முழங்கிவிட்டு இறங்குகிறார்கள். பட்டறைக் கழிவும் கலக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அணையில் பொங்குவதில் பெரும்பகுதி வீட்டுச் சாக்கடை. சோப்புத்தூள், பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர். பெங்களூரு பெல்லந்தூர் ஏரியின் நுரையை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழகத்தாரும் சலவைப் பொருட்களில் உள்ள நுரைப்பான்களைத்தான் முக்கியக் காரணமாகக் காட்டினார்கள். ஆலை என்றால் ஒரு முதலாளியின் பெயரைச் சொல்லி அவன் கேட் முன்னால் உட்காரலாம். இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் மாநகராட்சிகளும், குடிநீர் வாரியமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும், கர்நாடகம், தமிழ்நாடு என்ற இரண்டு மாநில அரசுகளும். சாக்கடையைச் சுத்தம் செய்து ஆற்றில் விடுவது அவர்கள் வேலை. அந்த வேலை நடக்கவில்லை.

தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். பெங்களூரு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் நகரம். மேற்குச் சரிவில் விழுவது விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலும் ஹெப்பாள் பள்ளத்தாக்கிலும் இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் போன்ற ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. அங்கே அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். நந்தி மலைப் பக்கம் பிறந்த ஆறு, ஒசகோட்டையைத் தாண்டி, இந்தச் சாக்கடையையும் சுமந்துகொண்டு கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அப்புறம் கெலவரப்பள்ளி. அதற்குக் கீழே காமராஜர் காலத்தில் கட்டிய கிருஷ்ணகிரி அணை. அதற்கும் கீழே சாத்தனூர். கடைசியில் கடலூர் அருகே கடல். கிருஷ்ணகிரி அணைத் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகி நாறிய ஆண்டுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. பெங்களூருக்காரர் குடிப்பது காவிரித் தண்ணீர். நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்குப் பம்பு வைத்து ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். குடித்து, குளித்து, கழுவிவிட்ட பிறகு அதில் கிழக்குப் பாதி காவிரிக்குத் திரும்புவதில்லை; தென்பெண்ணைக்கு வருகிறது. காவிரி நடுவர் மன்றம் கணக்குப் போட்டபோது, வீட்டு உபயோகத்துக்கு எடுக்கும் தண்ணீரில் 20 விழுக்காடுதான் செலவாகிறது என்று வைத்துக்கொண்டது. மீதி 80 விழுக்காடு திரும்பி வந்துவிடும் என்பது கணக்கு. வருகிறது, ஆனால் வேறோர் ஆற்றில், வேறொரு நிறத்தில். ஆறுகளை இணைக்க வேண்டும் என்று டெல்லியில் பேசுகிறார்கள். காவிரியையும் தென்பெண்ணையையும் பெங்களூருவின் கழிப்பறைகள் எப்போதோ இணைத்துவிட்டன.

இனி வருவது இன்னும் அதிகம். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. நகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காக நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். அந்த மக்களுக்குத் தண்ணீர் கிடைப்பதில் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் அவர்கள். ஆனால் ஊருக்குள் போகும் தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாக வெளியே வரும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. 77.5 கோடிக்கு 62 கோடி லிட்டர். அதில் கணிசமான பங்கு கிழக்குச் சரிவில் உள்ள ஊர்களுடையது. வருகிற குழாய்க்குத் திறப்பு விழா நடத்தினார்கள். போகிற குழாய்க்கு யார் பொறுப்பு என்று கேட்கிற முதல் ஆட்களாக நாம் இருப்போம்.

சாக்கடை ஆற்றில் கலந்தால் என்ன நடக்கிறது என்பதையும் நம் ஒவ்வொரு தோழரும் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'நச்சுத்தண்ணி' என்று சொல்லி முடித்துவிட்டால் அதிகாரி சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

மலத்தையும் சோற்றையும் எண்ணெயையும் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன. அளவுக்கு மீறிச் சாக்கடை வந்தால் ஆக்சிஜன் தீர்கிறது, மீன் வாயைத் திறந்து மேலே வந்து சாகிறது. அதற்குப் பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அழுகல் முட்டை நாற்றம் அவற்றின் கைங்கரியம். அந்த நிலையில் சோப்பு நுரைப்பான்கள் சரியாகச் சிதைவதில்லை. ஏரி அடிச்சேற்றில் மாதக்கணக்கில் தங்கி, மழைவெள்ளம் கலக்கியதும் மேலே வருகின்றன. மதகிலிருந்து விழும்போது காற்று புகுந்து நுரையாகப் பொங்குகின்றன. மழைக்காலத்தில் நுரை கூடுவதன் காரணம் இதுதான். மழைத் தண்ணீர் வந்தால் சாக்கடை நீர்த்துப்போகும் என்று சொல்கிறவர்கள் ஒரு முறை அணைக்கு வந்து பார்க்கட்டும்.

நுரையாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத எதிரி நைட்ரஜனும் பாஸ்பரசும். நாம் மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிற அதே உரச்சத்து, வேண்டாத இடத்தில் இலவசமாகக் கொட்டுகிறது. ஆகாயத்தாமரை அதில் கொழுக்கிறது, பாசி கொழுக்கிறது. அவை செத்து அடியில் அழுகும்போது மீண்டும் ஆக்சிஜன் போகிறது, மீத்தேன் வாயு கிளம்புகிறது. பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்து எரிந்ததை உலகமே பார்த்தது. இரண்டாம் முறை அணைக்க ராணுவத்தைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஏரியே எரிந்த இடத்திலிருந்து வழிகிற தண்ணீரைத்தான் நாம் மடை திறந்து பாய்ச்சிக்கொண்டிருக்கிறோம்.

சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. குப்பையை வடிகட்டி, மணலைப் படியவைத்து, பிறகு பெரிய தொட்டியில் நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள். மாட்டுக்குத் தீவனம் போடுவதுபோல் அவற்றுக்கு விடாமல் காற்றுக் கொடுக்க வேண்டும். ஆறு பல நாளில், பல மைலில் செய்கிற வேலையை அவை அந்தத் தொட்டிக்குள் சில மணி நேரத்தில் முடித்துவிடும். பிறகு சேற்றைப் படியவைத்து, கிருமி நீக்கி, தெளிந்த நீரை வெளியே விட வேண்டும். காற்று ஊதும் புளோவருக்கே நிலையத்தின் மின்செலவில் ஏறத்தாழ பாதி போய்விடுகிறது. எனவே கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க நினைக்கிறவன் முதலில் அதைத்தான் நிறுத்துவான். நிறுத்தினால் தொட்டியில் உள்ள உயிர்கள் சாகும். உள்ளே போன சாக்கடை அப்படியே வெளியே வரும். நிலையம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, சுத்திகரிப்பு மட்டும் இல்லை.

ஒழுங்காக ஓடினாலும் வழக்கமான நிலையம் நுண்ணுயிர்த் தொட்டி என்ற இந்த இரண்டாம் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. நைட்ரஜனையும் பாஸ்பரசையும் எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். 2017-இல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட விதியில் இந்த இரண்டுக்கும் வரம்பே கிடையாது. நுண்ணுயிர்களின் ஆக்சிஜன் தேவையைக் காட்டும் பி.ஓ.டி. அளவு மட்டும் பெருநகரங்களில் லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற ஊர்களில் 30 என்று தாராளம் காட்டினார்கள். குளிக்கத் தகுந்த ஆற்றுநீருக்கான அளவு 3. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 ஏப்ரல் 30 உத்தரவில் பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. 10, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்று இறுக்கியது. தோழர்களே, இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 10, 10, 1. இனி நம் மனு ஒவ்வொன்றிலும் இவை இருக்க வேண்டும்.

இப்போது கசப்பான ஒரு விஷயம்.

நுரை வந்தவுடன் சிலர் கன்னடன் நம் மேல் சாக்கடையைக் கொட்டுகிறான் என்று கிளம்புகிறார்கள். கைதட்டல் கிடைக்கும், இரண்டு பஸ்ஸை மறிக்கலாம், சுவரொட்டியில் படம் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணீரும் சுத்தமாகாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்கைப் புரட்டுங்கள். கர்நாடக நகரங்களில் ஒரு நாளில் உண்டாகும் சாக்கடை ஏறத்தாழ 446 கோடி லிட்டர். அங்கே கட்டிவைத்துள்ள நிலையங்களின் கொள்ளளவு 271 கோடி. தமிழ்நாட்டு நகரங்களில் உண்டாவது 642 கோடி லிட்டர். நம் நிலையங்களின் கொள்ளளவு வெறும் 149 கோடி. நான்கில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அந்த வருடத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் நிலையங்கள் கூடியிருக்கலாம். ஆனால் கையை நீட்டிக் குற்றம் சொல்லும் தகுதி நம் அரசுக்கு இருந்ததில்லை.

தூரம் போக வேண்டாம், ஓசூரைப் பாருங்கள். 2019-இல் மாநகராட்சி என்று மகுடம் சூட்டினார்கள். முழுமையான பாதாள சாக்கடை இல்லாமலே சூட்டினார்கள். ராமநாயக்கன் ஏரியில் கலக்கும் சாக்கடை எந்த மொழி பேசுகிறது? நம் கழிவும் கடைசியில் இதே ஆற்றுப் படுகையில்தான் இறங்குகிறது. கிருஷ்ணகிரிக்காரன், திருவண்ணாமலைக்காரன் பார்வையில் நாமும் மேல்மடைக்காரர்கள்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நமக்குத் தோழர்கள் இருக்கிறார்கள். கோலார் மாவட்டம் வறண்ட பூமி, ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் தண்ணீர் கிடைக்காத ஊர்கள் அங்கே உண்டு. 2018 ஜூனில் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீரை, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் என்ற இலக்கோடு, அந்த மாவட்டத்து ஏரிகளுக்குப் பம்பு செய்யத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே லட்சுமிசாகரா ஏரியில் நுரை பொங்கியது. அங்குள்ள விவசாயிகள் தெருவுக்கும் வந்தார்கள், உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். இரண்டாம் கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாம் கட்டமும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நம் கோரிக்கையும் அதுதானே? கோலார் ஏரிகளில் பல பாலாற்றுப் படுகையைச் சேர்ந்தவை. அங்கே கெட்டால் நாளை வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் அது வந்து சேரும். எனவே நம் முதல் துண்டறிக்கை தமிழிலும் கன்னடத்திலும் அச்சாக வேண்டும். ஓசூர்ப் பக்கத்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வீட்டில் பேசுகிற தோழர்கள் எத்தனையோ பேர். அவர்களை விட்டால் இதை எழுத யார் இருக்கிறார்கள்?

இன்னொன்றிலும் தெளிவு வேண்டும். 'சாக்கடையை நிறுத்து' என்பது நம் முழக்கமாக இருக்கக் கூடாது. கோடையில் கொடியாளத்தில் ஓடுவதில் பெரும்பங்கு பெங்களூருவின் கழிவுநீர்தான் என்பது கரையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அதை முழுக்க நிறுத்தினால் கெலவரப்பள்ளியின் 8,000 ஏக்கர் ஆயக்கட்டு காய்ந்துபோகும். நமக்குத் தண்ணீர் வேண்டும். ஆற்றுக்குக் கிடைக்கவேண்டிய தண்ணீர் ஆற்றுக்கு வேண்டும். சுத்தம் செய்து விடு, அளந்து விடு, அளவை எங்கள் கண்ணில் காட்டி விடு. இதுதான் முழக்கம். இந்தத் தண்ணீரில் விளைகிற தக்காளியும் கோஸும் கொத்தமல்லியும் லாரி ஏறி அதே பெங்களூரு சந்தைக்குத்தான் போகின்றன என்பதை அந்த நகரத்து மக்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இதில் வயிறு சம்பந்தப்பட்டிருக்கிறது.

பணம் இல்லை என்பார்கள். நம்பாதீர்கள். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் சாக்கடையை எதிர்ச்சவ்வூடு பரவல் வரை கொண்டுபோய்ப் பளிங்கு போல் சுத்தம் செய்யும் நிலையங்கள் 2019-இலேயே வந்துவிட்டன. கோயம்பேட்டுத் தண்ணீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் போகிறது. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. கார் கம்பெனிக்கு வேண்டுமென்றால் சாக்கடையைக் கண்ணாடியாக்கத் தெரிகிறது. வயலுக்கு அவ்வளவுகூட வேண்டாம், நைட்ரஜனையும் பாஸ்பரசையும் கிருமியையும் எடுத்துவிட்டுக் கொடு என்றால் நிதி நெருக்கடி வந்துவிடுகிறது. தொழில்நுட்பம் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் பிரச்சினை.

சுத்திகரிப்பு நிலையத் தொழிலாளர்களை இந்தப் போராட்டத்துக்கு வெளியே நிறுத்தாதீர்கள். அங்கே இரவு ஷிப்டில் நிற்கிறவர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. புளோவர் எத்தனை மணிக்கு நின்றது, எந்த மதகைத் திறந்து சாக்கடையை நேரடியாக வெளியே விட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். தொட்டிக்குள் இறங்கு என்று மேஸ்திரி சொன்னால் உயிரே போகும். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. சாக்கடையில் இறங்கிச் செத்தவரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இன்னும் ஆட்கள் இறக்கிவிடப்படுகிறார்கள், இன்னும் செத்து மேலே வருகிறார்கள். செத்தவர்களின் சாதி என்ன என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'நல்ல தண்ணீர் கொடு' என்று கேட்கிற நம் மனுவில் 'எவரையும் தொட்டிக்குள் இறக்காதே, நிரந்தர வேலையும் இயந்திரமும் கொடு' என்ற வரி இல்லையென்றால் அந்த மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சட்டம் நம் கையில் இல்லாமல் இல்லை. 1974-இன் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆற்றில் மாசு கலப்பதைத் தடை செய்கிறது. 2017 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிகளுக்குச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட மூன்று ஆண்டு கெடு கொடுத்தது. கெடு முடிந்த பிறகும் கலக்கிற ஒவ்வொரு ஓடைக்கும் மாதம் 5 லட்ச ரூபாய் இழப்பீடு என்றது பசுமைத் தீர்ப்பாயம். பெல்லந்தூருக்காகக் கர்நாடக அரசு 500 கோடி ரூபாயை ஒதுக்கிவைக்க வேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தரவிட்டதும் அதே தீர்ப்பாயம்தான். ஆனால் தீர்ப்பு தானாக நடந்து வந்து ஷட்டரைச் சுத்தம் செய்யாது. அரசு கட்டுகிற அபராதமும் நம் வரிப்பணம்தான். அந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்சியர் மேசையில் வைக்க நாலாயிரம் பேர் வேண்டும். அந்த நாலாயிரம் பேர் நீங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அக்டோபர் 2 அன்று கிராம சபை. கொடியாளம் தொடங்கிக் கடலூர் வரை தென்பெண்ணைக் கரையில் உள்ள ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரே தீர்மானம் நிறைவேற வேண்டும். ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் நடத்தினாலும் நீங்கள் எழுந்து நின்று படியுங்கள். ஆற்றில் கலக்கும் எந்த நகராட்சிக் கழிவும் 10, 10, 1 என்ற அளவுக்குச் சுத்திகரிக்கப்பட வேண்டும். நிலையங்களின் வெளியேற்றத்தை நேரடியாக அளக்கும் கருவிகளின் எண்கள் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கொடியாளத்திலும் மூன்று அணைகளிலும் மாதந்தோறும் எடுக்கும் சோதனை முடிவைக் கரையிலேயே பலகையில் எழுதிவைக்க வேண்டும். இரண்டு மாநில அதிகாரிகளும் விவசாயிகள் முன்னிலையில் சேர்ந்து மாதிரி எடுக்க வேண்டும். ஓசூர் உட்பட நம் ஊர்களின் பாதாள சாக்கடையும் நிலையமும் எந்த நாளில் முடியும் என்று எழுத்தில் தர வேண்டும். பாஸ்பேட் கலந்த சலவைத்தூளைத் தடை செய்ய வேண்டும். எந்த மனிதனும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது.

அக்டோபர் 2-ஐத் தவறவிட்ட ஊர் நவம்பர் 1 கிராம சபையில் நிறைவேற்றட்டும், அதற்கு மேல் தள்ளாதீர்கள். தீர்மானம் நோட்டில் ஏறியதும் அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள், கையொப்பமிட்ட நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் கரையோர மாவட்டங்கள் எல்லாவற்றிலும் நகல்களோடு போவோம். கடைசியாக எடுத்த நீர் மாதிரியின் முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு ஊருக்கு ஒருவர் மனுப் போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. பெங்களூருவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அங்குள்ள தொழிற்சங்கங்களிடமும் குடியிருப்போர் சங்கங்களிடமும் கன்னடத் துண்டறிக்கையைக் கொடுக்கட்டும்.

தோழர்களே, இன்று இரவே உங்கள் ஊரில் பத்துப் பேரைக் கூட்டுங்கள். தீர்மானத்தைப் படித்துக் காட்டி, கிராம சபையில் யார் எழுந்து பேசுவது என்று முடிவு செய்துவிட்டுக் கலையுங்கள்.